காற்றுக்கு வந்தவர்கள்

எங்கள் வீட்டில் காற்று மெஷினை ஓடவிட்ட மறுநாள் காலையில் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு துணிப்பை. செருப்பை வரிசையாக விட்டுவிட்டு உள்ளே வந்து ஹால் சோபாவில் உட்கார்ந்தார்கள். நானும் என் மனைவி சாந்தாமணியும் மட்டும் இருக்கிற வீட்டில் ஐந்து பேருக்கான மெஷினைப் போட்டால், பாக்கி மூன்று பேர் வரத்தான் செய்வார்கள். மெஷின் எத்தனை பேருக்குக் காற்று கொண்டுவருகிறதோ அத்தனை பேர் வீட்டுக்குள் இருப்பார்கள். கூடவும் மாட்டார்கள், குறையவும் மாட்டார்கள். எங்கள் லேஅவுட்டில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் போட்டீர்கள் என்று இன்றுவரை ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

சொல்கிறேன். நான் திருப்பூரில் முப்பது வருஷம் பனியன் வியாபாரம் பார்த்தவன். பனியன் எடுக்க யார் வந்தாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டு தண்ணி பார்த்தால் துணி சுருங்கும், வருஷம் போனால் உடம்பு பெருக்கும். எண்பது கேட்டு வந்தவன் எண்பத்தைந்தை வாங்கிப் போய் என்னைத் திட்டியது கிடையாது. அடம்பிடித்து இறுக்கமாக வாங்கிப் போனவன்தான் மறுவாரம் கடை வாசலில் நின்று கத்துவான்.

வியாபாரத்தை விட்ட பிறகு ஊருக்கு வெளியே இந்த வீட்டைக் கட்டினேன். கரண்ட் தின்னாத வீடு. சுவருக்கு நடுவே தெர்மாகோல், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே ஏசியைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினால் போதும், சாயந்திரம் வரைக்கும் குளிர் நிற்கும். குளிர் மட்டுமா நின்றது? சாந்தாமணி திங்கட்கிழமை வறுத்த கருவாடு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போதும் நின்றது. பாத்ரூம் கதவைச் சாத்தினால் பெட்ரூம் கதவு தானாகத் திறந்தது. காலையில் எழுந்தால் இரண்டு பேருக்கும் தலை கனத்தது. இப்படி இறுக்கிக் கட்டின வீட்டில் மெஷின் வைக்காமல் குடியிருக்க முடியாது.

மெஷினில் மூன்று வகை இருக்கிறது. முதல் வகை உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளும், அவ்வளவுதான். அதைப் போட்ட கடைசி வீட்டு வாத்தியார் குடும்பம் ஒவ்வொருவராக வெளியே போய்விட்டது. இப்போது அந்த வீட்டில் மெஷின் மட்டும் ஓடுகிறது. இரண்டாவது வகை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதைப் போட்ட டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டில் எந்நேரமும் கல்யாணக் கூட்டம், பந்தி ஓயவே இல்லை. மூன்றாவது வகைதான் ஒழுங்கானது. ஒரு பங்கு வெளியே போனால் ஒரு பங்கு உள்ளே வரும். போகிற குளிர் வருகிற காற்றிடம் ஒட்டிக்கொண்டு திரும்பிவிடும். சாயப்பட்டறை வாசனையை வடிகட்ட ஃபில்டரும் உண்டு. இந்த மூன்றாவது வகையைத் தேர்ந்தெடுத்ததில் எந்தத் தப்பும் நடக்கவில்லை. அதையாவது யாராவது பாராட்டலாம். ஒருவரும் பாராட்டவில்லை.

சைஸ் சொல்வதற்காக ஹெப்சிபா என்கிற என்ஜினியர் அம்மா வந்தார். நாகர்கோவில்காரர். வாசற்கதவில் சிவப்புத் துணியைக் கட்டி அதில் ஒரு பெரிய ஃபேனை வைத்து ஓட்டி, வீடு எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகவில்லை.

"நல்ல இறுக்கம் சார்," என்றார். "பெட்ரூம் எத்தனையோ அதோட ஒண்ணு கூட்டிக்கணும். உங்களுக்கு மூணு. அப்ப நாலு பேருக்கான மெஷின், ரெகுலேட்டரோட. இப்போதைக்கு ரெண்டுல வையுங்க. மகள் எப்ப வராங்க?"

எங்களுக்கு ஒரே மகள், சிந்துஜா. பெருந்துறையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாசமாக இருந்தாள். ஒன்பதாம் மாதத்தில் கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டியது எங்கள் கடமை. அதற்காகத்தான் கிழக்குப் பக்கத்து ரூமுக்குப் பச்சை வர்ணம் அடித்துத் தொட்டில் கொக்கியும் மாட்டி வைத்திருந்தாள் சாந்தாமணி.

"அவங்க படியேறும்போது நாலுக்கு வையுங்க. வயித்துப் பிள்ளைக்கும் சேர்த்து. கச்சிதமா இருக்கும்," என்றார் ஹெப்சிபா.

கச்சிதம் என்ற சொல் எனக்கு ஆகாது. என் சம்பந்தி அப்படிப்பட்ட ஆள். பெருந்துறையில் இதே மாதிரி வீடு கட்டி, வீட்டில் இருக்கிற நாலு பேருக்குக் கணக்காக மெஷின் போட்டு, அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"பெட்ரூம் நாலுன்னு போட்டுக்குங்க," என்றேன். "ஒரு சைஸ் பெருசா இருக்கட்டும்."

"நாலாவது ரூம்ல அரிசி மூட்டைதானுங்க இருக்குது," என்றாள் சாந்தாமணி.

"இருக்கட்டும். பின்னால சுருங்கும்."

"இது சுருங்காது சார்," என்றார் ஹெப்சிபா. "ஆள் வருவாங்க. பெரிய சைஸ்ல ரெகுலேட்டர் வெச்சது வர ரெண்டு மாசம் ஆகும். இப்ப இருக்கறது ஒரே வேகம்தான்."

"பனியனுக்கு ரெகுலேட்டர் இருக்குதா?" என்று கேட்டேன். அவர் மெஷினைப் பொருத்திவிட்டுப் போய்விட்டார்.

வந்த மூன்று பேரில் ஒருவர் சஃபாரி சூட் உடுத்தியவர். ஒருவர் தூங்குகிறவர், வந்ததிலிருந்து அவர் விழித்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது, ஒயர் கூடை பின்னுகிற அம்மாள். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. சோறு கேட்கவில்லை, டிவி கேட்கவில்லை. மூச்சு மட்டும் விட்டார்கள். ஆனால் சொந்த வீட்டில் கால் நீட்டி உட்கார முடியவில்லையே, ஐயா! நான் கொட்டாவி விட்டால் சஃபாரிக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஈசி சேரில் என் துண்டைப் போடாமல் வெளியே போக முடியாது. பஸ்ஸில் போடுகிற மாதிரிதான். துண்டு போட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்வரை அந்தக் காற்று நம்முடையது. மறந்து போய்விட்டால் வேறு யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் சாந்தாமணி துண்டு போடாமல் கறிவேப்பிலை பறிக்கப் போய்விட்டாள். திரும்பி வரும்போது அவள் இடத்தில் மீசை வைத்த ஒரு ஆள். அவரை எழுப்பி அனுப்புவதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சமையல்கட்டு ஃபேன் தனிக்கதை. மிளகாய் தாளித்தால் அந்த ஃபேனைப் போட்டே ஆகவேண்டும். போட்டால் எட்டு பேருக்குக் காற்று வரும். எட்டு பேரும் பின்கதவு வழியாக வந்து அடுப்பைச் சுற்றி நின்று இருமுவார்கள். ஃபேனை நிறுத்தினால் போய்விடுவார்கள். போகிற போக்கில் ஒருத்தி, "உப்பு பத்தலீங்க," என்று சொல்லிவிட்டுப் போவாள். உப்பு சரியாகத்தான் இருந்திருக்கும். சாந்தாமணி கரண்டியைத் தரையில் வீசிவிட்டு, "இனி இந்த ஊட்ல தாளிப்பே கெடையாது," என்பாள். ஒரு மாதம் முழுக்க வெறும் ரசம் குடித்தேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதைச் சொல்ல மாப்பிள்ளை பழத்தட்டோடு வந்தார். செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், படியில் இருந்தார். மறுபடியும் உள்ளே வந்தார், மறுபடியும் படியில் இருந்தார். ஐந்து பேருக்கான காற்றில் ஆறாவது ஆள் வந்தால் அப்படித்தான். கடைசியாக வந்தவர் படியில் இருப்பார். மாப்பிள்ளை தங்கமான மனுஷன். நாலைந்து தடவை பார்த்துவிட்டுப் பழத்தட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். இரட்டைக் கண்ணாடி ஜன்னல், அதைத் திறக்கவே அரை மணி நேரம் ஆனது.

"மாமா, சிந்துஜா வந்தா எங்க இருப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சாந்தாமணி ஒரு வாய்கூட வைக்கவில்லை. "பொறந்த ஊட்ல பிரசவம் பாக்க எடமில்லாத புள்ளையா என்ற புள்ள?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். சஃபாரிக்காரர் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே போய் மெஷின் சுவிட்சை அணைத்தேன்.

அணைத்ததும் எல்லோரும் படியில் இருந்தோம். நான், கையில் தட்டோடு சாந்தாமணி, சஃபாரிக்காரர், ஒயர் கூடை அம்மாள், தூங்குகிறவர். அவர் படியிலும் தூங்கினார். ஒருமுறை மெஷின் ஓடிப் பழகிய வீட்டில் அது நின்றால் யாருக்கும் காற்று இல்லை, அது நியாயம்தான். சுவிட்ச் உள்ளே இருந்தது. கடைசியில் மெயின் போர்டு வெளியே இருந்ததால் மின்சார ஆள் ஒருவரை வரவழைத்தோம், அவர் வேறு கம்பி இழுத்துப் போட்டு ஓடவிட்டார். ஓடிய கணத்தில் முதலில் உள்ளே போனவர் தூங்குகிறவர். கடைசியாகப் போனவன் நான். இன்னும் கொஞ்சம் அசந்திருந்தால் அந்த மின்சார ஆள் என் ஈசி சேரில் உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் ஹெப்சிபாவை வரச்சொன்னேன். ரெகுலேட்டர் வைத்த மெஷின் இன்னும் வந்து சேரவில்லை. சம்பந்தியம்மாள் போனில், "உங்க ஊட்ல தாளிக்கற நேரத்துல மட்டும் எங்க மருமக உள்ள வந்து நிக்கோணுமாக்கும்?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். அப்படியொரு யோசனையை நான்தான் முன்னால் மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தேன்.

ஹெப்சிபா வெளியே நின்றபடியே சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கிழக்கு ரூமுக்கு மட்டும் ஒரு சின்ன மெஷின் தனியா வைக்கலாம். ரெண்டு பேருக்கு. கட்டுச்சோறு முடிஞ்சு வயித்துப் பிள்ளையோட வந்தா மெஷின் அவங்களை ரெண்டாத்தான் எண்ணும், அதனால ரெண்டு பங்கு சரியா இருக்கும். ஆனா அவங்க வலது கால் வாசப்படியில படும்போதுதான் சுவிட்ச் போடணும். முன்னாலயும் போடக்கூடாது, போட்ட பிறகு நிக்கவும் கூடாது. போட்டா உடனே உள்ளே வந்துடணும்."

இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஹெப்சிபாவே வந்து சுவிட்ச் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னார். வீட்டு ஆள் என்ற கணக்கில் வராமல் இருக்க, அவர் வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கையை மட்டும் உள்ளே விட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

கட்டுச்சோறு விருந்து நன்றாக நடந்தது. துண்டுகளைப் போட்டுவிட்டு நானும் சாந்தாமணியும் பெருந்துறை போய், அவர்கள் வாசல் பந்தலில் ஏழு வகைச் சோறும் பரிமாறி, மகளுக்கு இரண்டு கையிலும் வளையல் அடுக்கி, ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பினோம். சம்பந்தி தன் காரில் பின்னாலேயே வந்தார். எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியும். வேடிக்கை பார்க்க வந்தார்.

நானும் சாந்தாமணியும் முன்னால் இறங்கி உள்ளே போனோம். சிந்துஜா காரைவிட்டு மெதுவாக இறங்கி, படியேறி, வலது காலைத் தூக்கி வாசப்படியில் வைத்தாள். ஹெப்சிபா சுவிட்சைப் போட்டார். சின்ன மெஷின் ஓடத் தொடங்கியது.

"இரு கண்ணு, ஆலம் சுத்தாம வரக்கூடாது," என்றாள் சாந்தாமணி.

"அடியே!" என்று கத்தினேன்.

ஆனால் அவள் ஆலத்தட்டோடு போய் நின்றுவிட்டாள். மாசமாக இருக்கிற மகள் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறாள், ஆலம் சுற்றாமல் எந்த அம்மா உள்ளே விடுவாள்? மகளும் பழக்கதோஷத்தில் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு நின்றாள். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் சாவகாசமாக. மூன்றாவது சுற்று முடிந்து சாந்தாமணி அவள் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, பின்கதவு வழியாக இரண்டு பேர் துணிப்பையோடு வந்து கிழக்கு ரூம் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள்.

சிந்துஜா உள்ளே வந்தாள், படியில் இருந்தாள். மறுபடியும் வந்தாள், மறுபடியும் படியில் இருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது. தலைக்கு மேல் வெயில். வளையல்கள் மட்டும் சத்தம் போட்டன. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் ஒரு கை வைத்தபடி நின்றாள்.

"விடுங்க, நாங்களே கூட்டிட்டுப் போயிடறோம்," என்றார் சம்பந்தி காரிலிருந்தபடியே. "எங்க ஊட்ல கச்சிதமா இருக்குது."

சாந்தாமணி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் கிழக்கு ரூமுக்குப் போய், அந்த அண்ணன் தம்பியிடம், "எந்திரிங்கய்யா, புள்ளைத்தாச்சி நிக்குது," என்றேன்.

"நாங்க எந்திரிச்சா எங்கீங்க போறது?" என்றார் அண்ணன். தம்பி தலையாட்டினார்.

சஃபாரிக்காரரிடம் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார். தூங்குகிறவரிடம் கேட்கவில்லை. ஹெப்சிபா ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார், "இந்த மெஷின்ல ஒண்ணு போனா ஒண்ணு வரும் சார். யாராவது ரெண்டு பேர் வாசப்படியிலேயே மாத்திக்கிட்டா போதும். இடுக்குல வேற யாரும் நுழைய முடியாது."

ஒயர் கூடை அம்மாள் பின்னலை மடக்கினார். பாதிக் கூடையைத் துணிப்பைக்குள் வைத்தார். "நான் எந்திரிச்சுக்கறேனுங்க," என்றார். "கொழந்தைக்குத்தான். இன்னொரு எடம் நீங்கதான் பாக்கோணும்."

இன்னொரு இடத்துக்கு நான் அதிகம் யோசிக்கவில்லை. சாந்தாமணி இல்லாமல் பிரசவம் பார்க்க முடியாது. பத்தியம் வைக்கத் தெரிந்தவள் அவள். பனியன் சைஸ் சொல்லத் தெரிந்தவனால் பிரசவ வீட்டுக்கு என்ன பிரயோஜனம்? ஈசி சேரிலிருந்து என் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றாள் சாந்தாமணி.

"ஆலத்தைக் கொண்டுபோய்க் கொட்டு. இனி ஒரு சுத்துகூட சுத்தக் கூடாது, சொல்லிட்டேன்," என்றேன்.

நானும் அந்த அம்மாளும் வாசப்படியில் ஒரு காலை வெளியே வைத்தோம். சிந்துஜா ஒரு காலை உள்ளே வைத்தாள். வாசல் அவ்வளவு அகலமில்லை. தோளோடு தோள் உரசிக்கொண்டு நாங்கள் வெளியே வந்தோம், அவள் உள்ளே போனாள். போனவள் உள்ளேயே இருந்தாள்.

"எங்கப்பா போறீங்க?" என்றாள் திரும்பி.

"இரு கண்ணு, வர்றேன்," என்றேன்.

சம்பந்தி காரைத் திருப்பிக்கொண்டு போனார். படியில் என் செருப்பு எது என்று தெரியவில்லை. அத்தனை செருப்பு கிடந்தது. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. ஒயர் கூடை அம்மாள்தான் எடுத்துக் கொடுத்தார். "வாங்க போலாம். உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்ல இன்னைக்கு மெஷின் போடறாங்க. ரெண்டு பேரு இருக்கற வீட்டுக்கு நாலு பேருக்கு வாங்கியிருக்காங்க," என்றார். காற்றுக்கு வருகிறவர்களுக்கு அது தெரிந்துவிடும். பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது.

அந்த வீட்டுக்காரர் பெயர் சின்னராசு. தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு "வாங்க" என்றார். வரவேற்கிற வாங்க இல்லை அது. அந்த வாங்க எனக்கு நன்றாகத் தெரியும். செருப்பை வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தோம். நல்ல மெஷின், சத்தமே இல்லை. ரெகுலேட்டரும் உண்டு, நாலுக்குக் கீழே மட்டும் இறங்காது. தேங்காய் மட்டை வாசனையை ஃபில்டர் நன்றாகப் பிடித்தது. எதற்கு நாலு பேருக்குப் போட்டீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நான் கொட்டாவி விட்டாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் விட்டேன். வீட்டுக்காரருக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று தெரிந்தவன் நான்.

சாந்தாமணி போன் செய்தாள். "பொட்டப் புள்ளை பொறந்திருக்குதுங்க. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. மூக்கு அப்படியே உங்களுது, பாவம்." போனில் அவள் பக்கத்தில் தொட்டில் கொக்கி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. சின்னராசுவின் மனைவி எனக்கு ஒரு கரண்டி சர்க்கரை கொடுத்தார். அந்த வீட்டில் நான் வாயில் வைத்த முதல் பொருள் அதுதான்.

மூன்றாம் மாதம் குழந்தையைப் பெருந்துறைக்கு அழைத்துப் போனார்கள். அன்று சாயந்திரம் சாந்தாமணி மறுபடியும் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அங்க நாலு பேருக்குத்தானுங்களே மெஷின். அவரு, அந்தம்மா, மாப்பிள்ளை, துண்டு போட்டுட்டு வந்த சிந்துஜா. கொழந்தையக் கணக்குலயே சேக்கலையாமா."

"அப்ப கொழந்தை எங்க இருக்குது?"

"படிலதானுங்க. சிந்துஜா வெளிய வந்தா கொழந்தை உள்ள போகுது. உள்ள பால் குடுக்க ஆளில்லாம அழுகுது. அழுகுதேன்னு இவ உள்ள போனா அது படிக்கு வந்துருது. காலைல இருந்து இதே கூத்து. மாப்பிள்ளை எந்திரிச்சு வாசப்படியில மாத்திக்கப் பாத்தாரு, அது அகலமான வாசலுங்க. அவரு எந்திரிச்ச எடத்துல ரோட்ல போன யாரோ ஐஸ்காரன் வந்து உக்காந்துட்டான், அவனக் கெளப்பறதுக்கே மத்தியானம் ஆயிருச்சு."

"சம்பந்தி எந்திரிக்கலையா?"

"அவரு எதுக்கு எந்திரிக்கறாரு? பேப்பர் படிச்சுட்டு இருக்காரு."

"நம்ம வீட்டுக்கே திருப்பிக் கூட்டிட்டு வாயேன்."

"இங்க எங்கீங்க எடம்? அவங்க கார்ல ஏறினதும் ரெண்டு பேரு வந்து படுத்துட்டாங்க. கொழந்தைக்குன்னு ஒரு துண்டு போட்டு வெக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க." அவள் அழுதாள். நான் ஏதோ திட்டினேன். அவளைத் திட்டினேனா, மெஷினைத் திட்டினேனா, சம்பந்தியைத் திட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. திட்டி முடித்துப் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒயர் கூடை அம்மாள் பின்னுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

சின்னராசு தோப்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். இந்த மூன்று மாதத்தில் அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை. காற்றுக்கு வந்தவர்கள் கேட்பதில்லை. எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"உங்க மெஷினுக்கு ரெகுலேட்டர் இருக்குதுங்களே," என்றேன். "ஒரு புள்ளி கூட்டி வெக்க முடியுமாங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, இருக்கறது பத்தாதா? இன்னும் ஒருத்தரா?"

"சின்ன ஆளுங்க," என்றேன்.

சின்னராசு தலையில் ஓங்கி அடித்துக்கொண்டார். ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய் ரெகுலேட்டரை ஒரு புள்ளி திருப்பினார். சோபாவுக்கு மேலே இருந்த காற்றுவாயில் இரைச்சல் கொஞ்சம் கூடியது.

காலையில் அவர்தான் கதவைத் திறந்தார். படியில் என் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை, கையில் பால் பாட்டில். மூக்கு என்னுடையதுதான். சின்னராசு "வாங்க" என்றார். அவள் நிதானமாக வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். ஒயர் கூடை அம்மாள் அந்தப் பக்கம் நகர்ந்தார், நான் இந்தப் பக்கம் நகர்ந்தேன். அவள் நடுவில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

"பஸ்ல நிக்கக்கூட எடமில்லீங்க தாத்தா," என்றாள்.